சிறந்த நடிகை, புத்தூர்

புத்தூர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் நடராசாவுக்குச் சிறந்த நடிகைக்கான பரிசு கிடைத்துவிட்டது. செய்தி பேப்பரில் வந்த காலை அவர் கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்க்கு வந்து காத்திருந்த பென்சன்காரத் தபாற்காரர் ஒருவர் பேப்பரை விரித்து, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்: "நாடகப் பாங்கான படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற நடிகைக்கான இவ்வருடப் பரிசு, புத்தூரைச் சேர்ந்த செல்வி கமலாவதிக்கு." வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனேச்சர், உங்கடை தங்கச்சிக்கும் உந்தப் பேர்தானே?"

சீனி தராசுத் தட்டை நிரப்பி மேசையில் வழிந்தது. "புத்தூரிலை எத்தினையோ கமலாவதி இருப்பினம்," என்றார் நடராசா. இருந்தது ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும், தபாற்காரருக்கும் தெரியும், வரிசையில் நின்ற சனத்துக்கும் தெரியும்.

ஒரு மீசைக்காரர் எப்படி நடிகையானார் என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் கதை ஓடாது. அதற்கு முதல் அந்தப் பரிசைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எண்பத்து நாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நேசம்மா ரீச்சர் என்பவர் அந்தப் பரிசைத் தொடங்கினார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் காலமெல்லாம் படிப்பித்து ஓய்ந்தவர். கலியாண வீட்டுக்கு வீடியோ பிடிக்கும் பொடியன்கள் அந்தக் கமராவாலேயே சின்னச் சின்னப் படங்களும் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. படம் எடுக்க ஆள் இருந்தது, கதை இருந்தது, நடிக்கத்தான் பெண்பிள்ளைகள் இல்லை. படத்தில் நடித்த பெட்டைக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள் என்று பெற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். ஒரு மரியாதையான பரிசு இருந்தால் கதவு கொஞ்சமாவது திறக்கும் என்று ரீச்சர் நம்பினார். முதல் வருஷம் அதை வாங்கியவர் வினிபிரட் என்ற தாதி. தகப்பன் பைபிளும் கையுமாகப் பக்கத்தில் நிற்க மேடையேறினார். இரண்டாம் வருஷம் பரிசு ஒருவருக்கும் இல்லை. அந்த வருஷத்து நாயகியைப் பாதிப் படத்தில் தாய் வந்து கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனபடியால், மிச்சக் கதையில் அவள் பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போனதாக மாற்றினார்கள். பாதியில் செத்தவளுக்குப் பரிசு கொடுக்க ரீச்சருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் வருஷம் றிச்சர்ட் என்ற வீடியோக்காரன், இயக்கத்துக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் கைம்பெண் தாய் ஒருத்தியின் கதையை எடுத்தான். நடிக்க ஒத்துக்கொண்ட மனுசி படப்பிடிப்புக்கு முதல்நாள் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். என்ன காய்ச்சல் என்று எல்லோருக்கும் விளங்கியது. றிச்சர்ட் மோட்டார்சைக்கிளில் நேரே சங்கக்கடைக்கு வந்தான். கோயில் திருவிழா நாடகங்களில் நடராசா பெண்வேடம் போட்டதை அவன் சின்ன வயதில் பார்த்தவன்.

நடராசா மறுத்திருக்கலாம். முப்பத்தெட்டு வயது, ஊரில் மதிப்பான உத்தியோகம், வீட்டில் கலியாணம் செய்து கொடுக்க ஒரு தங்கச்சி. தங்கச்சிக்கு ஒரு வழி பிறக்காமல் அண்ணன்காரன் தாலி கட்டுவது எங்கள் ஊர் வழக்கமில்லை என்பதால் அவரும் தனிக்கட்டை. ஆனால் அரிசியில் கல்லு, எண்ணெய் காணாது என்ற இரண்டு வசனத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாத மனுசனிடம் ஒருவன் வந்து "அண்ணை, உங்களாலைதான் ஏலும்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? மீசையை வழித்தார். அப்பாவின் திவசத்துக்கு என்று கடையில் சொன்னார். திவசம் போன மாசமே முடிந்தது ஊருக்கே தெரியும். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

அந்தப் படத்தில் ஒரு கட்டம் வரும். மகன் இனி இல்லை என்று வாசற் படலையில் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். தாய் குசினிக்குள் வந்து, கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டே அழுகிறாள். அடுத்த அறையில் நித்திரை கொள்ளும் மகளுக்குக் கேட்கக்கூடாது என்று இடக்கை மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல். வலக்கை அகப்பையை விடவேயில்லை. அதைப் பிடித்தபோது றிச்சர்ட் கமராவை நிற்பாட்ட மறந்துபோனான். விளக்குப் பிடித்தவன் மூக்கை உறிஞ்சிய சத்தம் வீடியோக் கசற்றில் பதிந்தே போயிற்று.

எழுத்தோட்டம் போடும்போதுதான் பிழை நடந்தது. "உங்கடை பேரைப் போட்டால் அழுகிற கட்டத்திலை சனம் சிரிக்கும் அண்ணை. ஒரு பொம்பிளைப் பேர் சொல்லுங்கோ," என்றான் றிச்சர்ட். நடராசாவுக்கு அந்த நேரம் வாயில் வந்தது ஒரே ஒரு பெயர்தான். சின்ன வயதிலிருந்து வீட்டில் கூப்பிட்டுப் பழகிய பெயர். நாலு பேர் பார்த்துவிட்டு மறந்துபோகிற படம்தானே என்று நினைத்தார்.

இப்போது அது பேப்பரில் வந்து நிற்கிறது. அதுவும் எந்த நேரத்தில்! கமலாவதிக்கு இணுவிலில் கலியாணம் முற்றாகி, தாலிக்குப் பொன்னுருக்க நாளும் வைத்திருந்த நேரத்தில்.

கமலாவதிக்கு இது மூன்றாவது பேச்சு. முதலாவது சாதகத்தில் போனது. இரண்டாவது எல்லாம் சரிவந்து, உடுப்பு எடுக்கிற அளவுக்குப் போனபிறகு மாப்பிள்ளை பகுதி வேறிடத்தில் சம்மதித்துவிட்டதாக ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் அது. மகளின் கலியாணத்தைக் காணாமலேயே அம்மா போய்ச் சேர்ந்தா. இதுவும் குழம்பினால் இனி யாரும் படலையைத் திறக்கமாட்டார்கள் என்பது நடராசாவுக்கு நிச்சயமாகத் தெரியும். கடையைப் பின்னேரம்வரை திறந்து வைத்திருக்க முடியாமல், மத்தியானமே பூட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் கமலாவதி தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். புதுச் சட்டைத் துணி. ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ காலம்.

"என்ன அண்ணை, வெள்ளனவே வந்திட்டியள்?"

"தலையிடி," என்றார் நடராசா. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். கமலாவதி கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, "இணுவிலிலை அவைக்கு உறைப்புக் குறைச்சலாம், நானும் குறைச்சுச் சமைச்சுப் பழகிறன்," என்று சிரித்தாள். நடராசா குழம்பைச் சோற்றில் பிசைந்து, நல்லாயிருக்கு என்றார்.

பின்னேரம் கலியாணம் பேசுகிற பரமலிங்கம் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றியபடி, படலைக்கு வெளியே நின்று குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"தம்பி நடராசா, என்னை நாறப் பண்ணிப்போட்டீரே. பெட்டை படத்திலை நடிச்சதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"அவள் நடிக்கேல்லை அண்ணை."

"பேப்பரிலை கிடக்குது. ஸ்ரேசன் மாஸ்டர் கண்ணாலை பாத்திட்டார். நாளைக்குக் காலமை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாறார். கதைக்க வாறாரோ, முறிக்க வாறாரோ, எனக்குத் தெரியாது."

ஸ்ரேசன் மாஸ்டர் என்றது மாப்பிள்ளையின் தகப்பன் கனகசபாபதியை. றெயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். மனுசன் நேரம் தப்பமாட்டார், சொல்லும் தப்பமாட்டார் என்று பெயர். அதைக் கேட்டுத்தான் நடராசா இந்தச் சம்பந்தத்துக்கு ஆசைப்பட்டவர். அதே பெயர் இப்போது அவருக்கு எதிராக நின்றது.

பரமலிங்கம் போன கையோடு றிச்சர்ட் வந்து இறங்கினான். வாயெல்லாம் பல்லு. நடராசா அவனை உள்ளே விடாமல் ஒழுங்கை முடக்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நேசம்மா ரீச்சர் படத்தை இரண்டு தரம் போட்டுப் பாத்தவ அண்ணை! 'உந்த அழுகை நடிச்சு வாறதில்லை, உந்தப் பிள்ளையை நான் காணவேணும்' எண்டு சொன்னவ. நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. பரிசு குடுக்கிற அண்டைக்கு உங்களுக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு நான் கேடயத்தை வாங்கிக்கொண்டு வாறன்."

"என்ரை தங்கச்சியின்ரை கலியாணம் குழம்பப் போகுது தம்பி. உனக்கு விளங்குதோ?"

றிச்சர்டின் முகம் சுருங்கியது. பொடியன் கெட்டவன் இல்லை. "அப்ப சொல்லுங்கோ," என்றான் மெதுவாக. "ஆனால் ரீச்சர் தாங்கமாட்டா அண்ணை. வினிபிரட்டுக்குப் பிறகு இன்னொரு பெண்பிள்ளை வருவாள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா."

வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது நடராசாவுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. ஏனென்றால் தங்கச்சியை நினைத்துப் பதறுகிற அதே நெஞ்சின் ஒரு மூலையில் அந்தக் கேடயம் நின்று மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த அழுகை நடித்து வருவதில்லையாம்! இந்தப் பிறப்பில் யாராவது அவரைப் பார்த்து இப்படி ஒரு சொல்லுச் சொன்னதுண்டா? மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒருதரம், ஒரே ஒருதரம், அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

சொன்ன நேரம் தப்பாமல் கனகசபாபதி வந்தார். கூடவே மனைவி பராசக்தியும் பரமலிங்கமும். விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். கமலாவதி விசயம் ஒன்றும் தெரியாமல், கலியாணத்து அலுவலாக வந்திருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டுக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குள் ஓடினாள்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆள் இல்லை," என்றார் கனகசபாபதி. "பிள்ளை நடிச்சதோ, இல்லையோ?"

"இல்லை ஐயா. நடிச்சது நான்."

பரமலிங்கம் சிரித்தேவிட்டார். கனகசபாபதி சிரிக்கவில்லை.

"நீர் தங்கச்சியைக் காப்பாத்தப் பாக்கிறீர். அது எனக்கு விளங்குது. ஆனால் என்ரை மருமகன் ஒருத்தன் அந்தப் படம் பாத்தவன். அது பொம்பிளைதான் எண்டு கோயிலிலை சத்தியம் பண்ணுறன் எண்டுறான். ஒரு மண்டபம் சனம் பாத்தது. பரிசு குடுத்த படிச்ச மனுசி பாத்தவ. எல்லாருக்கும் கண் பொட்டையோ?"

என்ன கொடுமை பாருங்கள். கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால் மனுசன் தப்பியிருப்பார்.

"றிச்சர்டைக் கூட்டிக்கொண்டு வாறன் ஐயா. அவன் சொல்லுவான்."

"அவன் நீர் சொல்லிக் குடுத்ததைச் சொல்லுவான்." கனகசபாபதி சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். எழும்பப் போகிறார் என்று தெரிந்தது. எழும்பினால் முடிந்தது.

"ஐயா, இருங்கோ. நான் நடிச்சுக் காட்டிறன்."

நடராசா தன் சால்வையை விரித்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு விறாந்தையில் சப்பணம் கட்டி இருந்தார். முகத்தில் மீசை முன்னையிலும் பார்க்கச் செழிப்பாக வளர்ந்திருந்தது. தொண்டையைச் செருமினார். "மகனே..." என்றார். குரல் கீச்சிட்டது. பரமலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பினார். நடராசாவுக்கு வியர்த்து ஊற்றியது. அம்மா இல்லை, அப்பா இல்லை, இந்தப் பிள்ளைக்கு நான் ஒருத்தன்தான், நானும் இப்படிக் கோமாளி வேசம் போட்டுக்கொண்டு இருக்கிறேனே என்று ஆத்திரமும் வெட்கமும் வந்தன.

வசனத்தை விட்டுவிட்டார். கண்ணை மூடி, இடக்கை மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்தார். வலக்கை இல்லாத அகப்பையைப் பிடித்து, இல்லாத பானையைத் துழாவத் தொடங்கியது. தோள் ஆடவில்லை. கழுத்து நரம்பு மட்டும் இழுபட்டது. கண்ணீர் மூக்கடியால் வந்து மணிக்கட்டில் விழ, கை துழாவுவதை நிறுத்தாமல், பானைக்குள் கண்ணீர் விழுந்துவிடக்கூடாது என்பதுபோல முகத்தை மட்டும் கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.

பரமலிங்கத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"காணும் தம்பி," என்றா பராசக்தி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காணும், விடும். பாக்கேலாமல் கிடக்கு." பிறகு மனுசனைப் பார்த்து, "உவர்தான். வேறை சாட்சி வேண்டாம்," என்றா.

கனகசபாபதி தோளில் போட்ட சால்வையை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தார். பிறகு எழும்பி வந்து நடராசாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"பொன்னுருக்கு வைச்ச நாளிலை நடக்கும். ஆனால் தம்பி, அந்தப் பரிசு வேண்டாம். பேர் அழிபடவேணும். பிள்ளையின்ரை பேரிலையும் வேண்டாம், உம்மடை பேரிலையும் வேண்டாம். எங்கடை சனம் பல்லுப்படக் கதைக்கும்."

"ஓம் ஐயா," என்றார் நடராசா உடனே. சொன்னபிறகுதான் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது தெரிந்தது. பரவாயில்லை, தங்கச்சி தப்பிவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினார்.

குசினி வாசலில் கமலாவதி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. பராசக்திதான் எழும்பிப் போய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கினா. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் கன்னத்தைத் தடவிவிட்டா.

அவர்கள் போனபிறகு கமலாவதி படலையைச் சாத்திவிட்டு வந்து தமையனுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, அண்டைக்கு நான் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சேக்கை நீங்கள் வெளியிலை நிண்டனீங்களோ?"

எந்த நாள் என்று நடராசா கேட்கவில்லை. இரண்டாம் சம்பந்தம் முறிந்த செய்தியை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன நாள். அடுத்த அறையில் அம்மா கிடந்தா.

"ஓம்."

"கனநேரமோ?"

நடராசா குசினி வாசல் நிலையைப் பார்த்தார்.

"நான் கையைக் கடிச்சதை, முகத்தை விலத்தினதை, எல்லாத்தையும் பாத்தனீங்கள்."

"ஓம், பிள்ளை."

"பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்," என்றாள் கமலாவதி. "உள்ளுக்கை வரேல்லை."

குரலில் கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கால் எழவில்லை, என்ன சொல்லுவதென்று தெரியவில்லை என்று சொல்ல நினைத்தார். அது பாதி உண்மை. மிச்சப் பாதி என்னவென்றால், அந்தக் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், தங்கச்சி பாவம் என்று நெஞ்சு துடித்த அதே நேரத்தில், அழுதும் தோள் ஆடவில்லையே என்று அவர் கண் குறித்துக்கொண்டது. அதை எந்த வாயால் சொல்லுவது? கமலாவதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினாள்.

நேசம்மா ரீச்சரிடம் நடராசா தானே போய்ச் சொன்னார். அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு இருந்த ரீச்சர், "அப்ப இந்த முறையும் ஒருத்தியும் வரேல்லை," என்று மட்டும் சொன்னா. அந்த வருஷப் பரிசு ஒருவருக்கும் இல்லையென்று பேப்பரில் சின்னதாக ஒரு வரி வந்தது. அடுத்த வருஷம் ஆமி வந்தது, பிறகு இந்தியன் ஆமி வந்தது. பிறகு கரண்ட் இல்லை, கசற் இல்லை, மண்டபத்துக்குக் கூரையும் இல்லை. அத்தோடு பரிசும் நின்றுபோயிற்று. மேடையேறி அதை வாங்கியது முதல் வருஷத்து வினிபிரட் ஒருவர்தான்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை தியாகராசா நல்ல மனுசன். புத்தூரை விட்டு வெளிக்கிடும் நேரம் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். கமலாவதி அழவில்லை. தமையன் பக்கத்தில் நின்றார். முதற் பிள்ளை பிறந்த ஒரு கிழமைக்குள் தவறியபோது அவர் இணுவிலுக்கு ஓடினார். வாசலில் அவரைக் கண்டதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியளோ அண்ணை?" என்று கேட்டாள். பேச்சில், உபசரிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு நடராசா நடிக்கவில்லை, கலியாணமும் கட்டவில்லை. கிழமைக்கு ஒருக்கால் இணுவிலுக்குப் போய்வந்தார்; ஒவ்வொரு தரமும் ஏதோ சோதனைக்குப் போகிறவர் போல நெஞ்சிடியோடுதான் போனார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மழையில், ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நடராசாவும் தங்கச்சி குடும்பத்தோடுதான் நடந்தார். சனத்துக்குள் சனமாக, சைக்கிளில் தகப்பனை இருத்தித் தியாகராசா தள்ள, கமலாவதி மூட்டையோடு பின்னால் வந்தாள். நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடி வந்தபோது கனகசபாபதி சைக்கிளிலேயே சரிந்தார். பள்ளிக்கூட மதிலோரம் இறக்கிக் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. ஒன்பது வருஷமாகக் கமலாவதியைப் பெற்ற மகளாக வைத்திருந்த மனுசன்.

பராசக்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதா. தியாகராசா குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். கமலாவதி மாமனாரின் காலடியில் இருந்து நிமிர்ந்து, நடராசாவைப் பார்த்தாள்.

"அண்ணை, எங்கையெண்டாலும் போய்க் கொஞ்சம் தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடராசா போனார். தண்ணீருக்குத்தான் அனுப்புகிறாள் என்று முதலில் நினைத்தார். கிணற்றடியில் சனம் நெருக்கியடித்தது. ஒருவழியாக அள்ளிக்கொண்டு திரும்பி வரும்போது, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரலெடுத்து அழுவது கேட்டது. மணிக்கட்டுக் கடிபடாத, வாய் திறந்த அழுகை. கமலாவதியின் குரல் அப்படி அழும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

இந்த முறை நிற்கக்கூடாது, உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்துவிடவேண்டும் என்று நினைத்து, தண்ணீர் தளம்பத் தளம்ப மதிலைச் சுற்றி ஓடினார். மழைச் சேற்றில் அவர் காலடிச் சத்தம் கேட்டதும் அழுகை நின்றது.

"வைச்சிட்டு இருங்கோ அண்ணை," என்றாள் கமலாவதி. முகத்தைத் துடைத்திருந்தாள்.